பாஸ்போர்ட்டுக்குச் சிரிக்கக் கூடாது

தாதிமை, அதாவது நர்சிங், படிக்கிற பிள்ளைகளிடம் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். 'வேலையிடச் சவால்களும் வாழ்க்கைத்தொழில் வளர்ச்சியும்' என்று தலைப்பு. ஸ்லைடு வேறு வேண்டுமாம். நான் பார்க்கிற வேலைக்கு ஸ்லைடு போட்டால் முதல் படமே ஒரு அடுக்குமாடி புளோக் லிஃப்டாகத்தான் இருக்கும். லிஃப்டுக்குள் ஏறியதும் கழுத்தில் தொங்கும் வேலை அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்வேன். அதில் 'ஹாஸ்பிஸ்' என்று எழுதியிருக்கிறதே, அதனால்தான். இனிமேல் குணமாக்க முடியாது என்று ஆஸ்பத்திரி சொல்லிவிட்டவர்களை வீட்டுக்கே போய், வலி இல்லாமல், மூச்சுத் திணறாமல் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. வீட்டுக்காரர்கள் எங்களை வா வா என்றுதான் அழைப்பார்கள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் வாசலோடு விட்டுவிட்டு வரச் சொல்வார்கள்.

எனக்கு இது ஆகவே ஆகாது. இந்த வேலைக்கு முன்னால் பல வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் இருந்தவள் நான். வார்டில் வாய்தான் வேலை செய்யும். "அங்கிள், நடக்காதீங்க, விழுந்துடுவீங்க" என்று நான் இந்தக் கோடியிலிருந்து சத்தம் போட்டால் அந்தக் கோடியில் நடக்கிற நாலு பேர் உட்கார்ந்துவிடுவார்கள். உண்மையைச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்க்கொண்டே இருக்கலாம். வேலை மாறினபோது என் வீட்டுக்காரர், "நீ வீடு வீடாப் போய் மெதுவாப் பேசப் போறியா? பாக்கறேன் லா, பாக்கத்தானே போறேன்" என்றார். அவர் ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் இரும்புச் சத்தத்தில் வேலை செய்கிறவர். அவரே என் குரலைப் பற்றிப் பேசினால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சேர்ந்த புதிதில் என் மேனேஜரிடம் நேராகவே கேட்டுவிட்டேன். சீனப் பெண்மணி. அதிர்ந்து பேச மாட்டார். "வீட்டில் பொய் சொல்லச் சொன்னால் நான் என்ன செய்வது?" என்றேன். "பொய் சொல்லாதே. ஆனால் அவர்கள் வீட்டைக் கலைத்துவிட்டும் வராதே" என்றார். இரண்டையும் ஒரே நேரத்தில் எப்படிச் செய்வதாம் என்று கேட்டேன். "அதுதான் வேலை" என்று சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கே வார்டுக்குத் திரும்பிப் போயிருப்பேன். சோதனைக் காலம் முடியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் செம்பவாங்கிலிருந்து அந்தப் பெரியவர் என் பொறுப்புக்கு வந்தார். கப்பல் துறையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நுரையீரலில் புற்றுநோய். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு ஹாலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருப்பார். முதல் நாள் அவருடைய மகள் லிஃப்ட் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் டீச்சர். அதனால் எனக்கு வகுப்பு எடுப்பது அவருக்கு வெகு சுலபமாக வந்தது.

"சிஸ்டர், அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. நீங்க பாலிகிளினிக்லேர்ந்து பிரஷர் பாக்க வர்ற நர்ஸ்னு சொல்லி வச்சிருக்கேன். மார்ஃபின்னு சொல்லிடாதீங்க. இருமல் மருந்துன்னு சொல்லியிருக்கேன்."

மார்ஃபின் இருமலுக்கும் கேட்கும். அதனால் அந்த வரியில் என்னால் குறை கண்டுபிடிக்க முடியவில்லை. மற்றதற்கு வாயை மூடிக்கொண்டேன். நான் பாலிகிளினிக் என்று சொல்லவும் இல்லை, இல்லை என்று மறுக்கவும் இல்லை. சும்மா சிரித்துக்கொண்டு பிரஷர் பார்க்கும் கருவியை எடுத்துப் பெரியவர் கையில் சுற்றினேன். பக்கத்தில் அவர் மனைவி (அம்மா என்றுதான் நான் கூப்பிடுவேன்) தன் பிரஷர் மாத்திரையை விழுங்கிவிட்டு எனக்குக் கோப்பி கலக்கப் போனார். சாந்தமான முகம். 'ஆ, ஊ' என்று அலட்டிக்கொள்ளாத மனுஷி. இந்த வீட்டில் உண்மையிலேயே ஒன்றும் தெரியாதவர் இவர் ஒருவர்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஆளைப் பார்த்து எடை போடுவதில் நான் பெரிய கெட்டிக்காரி என்று எனக்கொரு நினைப்பு உண்டு.

பெரியவர் என்னை 'மிஸ்ஸி' என்றார். அந்தக் காலத்து ஆட்கள் தாதிகளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். மகள் பள்ளிக்குப் போயிருந்த ஒரு காலையில், அம்மா குளிக்கப் போனதும், மெதுவாகக் கேட்டார்.

"மிஸ்ஸி, நீ எந்த பாலிகிளினிக்?"

"பக்கத்துலதான் ஐயா."

"வீடு எங்க?"

"பூன் லே."

"அந்தக் கோடி பூன் லேயிலேர்ந்து வந்து செம்பவாங்ல பிரஷர் பாக்கறியா? ஏன், இந்தப் பக்கத்து நர்ஸுங்களுக்கெல்லாம் கை இல்லையா?"

நான் கருவியைச் சரிபார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். அவர் விடவில்லை. மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார். "ஆஸ்பத்திரில டாக்டர் மொதல்ல என்கிட்டதான் சொன்னாரு. அப்புறந்தான் என் மக வந்தா, அவகிட்டயும் சொன்னாரு. அவ அழாம இருக்கட்டும்னு தூங்கற மாதிரி படுத்துக்கிட்டேன். கண்ணை முழிச்சா சிரிக்கறா. பொறந்ததுலேர்ந்து என்னைப் பாத்து அவ இவ்ளோ சிரிச்சதே இல்ல. அப்பவே தெரிஞ்சுபோச்சு, இனிமே எல்லாரும் நாடகம்தான்னு."

"அப்ப மகள்கிட்ட சொல்லிடுவோமா ஐயா? உங்களுக்கும் பாரம் குறையும்."

"வேணாம். அவகிட்ட சொன்னா அவங்கம்மா காதுக்குப் போயிடும். வீட்டுக்காரி தாங்க மாட்டா. சோறு இறங்காது அவளுக்கு. நான் கேக்கறது வேற."

அவர் கேட்டது ஒரு போட்டோ. "என் ஐசி அட்டையில இருக்கற படத்தைப் பாத்திருக்கியா? களவாணிப் பய மாதிரி முழிச்சிக்கிட்டு இருப்பேன். நான் போனப்புறம் அதைத்தான் பெரிசு பண்ணி மாலை போட்டு மாட்டுவாங்க. பேப்பர்லயும் அதைத்தான் போடுவாங்க. என் தம்பி போனப்ப என்ன ஆச்சு தெரியுமா? நல்ல படமே இல்ல. ஏதோ ஒரு கல்யாணத்துல கும்பலா நின்ன படத்தை வெட்டி அவனை மட்டும் தனியா எடுத்தாங்க. இன்னைக்கும் சுவத்துல அவன் தோள் மேல யாரோ ஒருத்தர் கை இருக்கு. அது யார் கைன்னு வருஷா வருஷம் திதிக்கு உக்காந்து சண்டை போடறாங்க."

நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. அவரும் சிரித்தார், அதற்கே இருமல் வந்தது. இருமி முடித்ததும் கன்னத்தைத் தடவிக் காட்டினார். "முகம் உள்ள போயிக்கிட்டு இருக்கு, மிஸ்ஸி. நேரமில்ல. ஸ்டூடியோவுல, நாடியைக் கொஞ்சம் தூக்குங்கன்னு சொல்ல ஒரு ஆள் இருக்கணும். நான் சிரிச்சிக்கிட்டு இருக்கணும். வீட்டுக்கு வர்றவன் என்னைப் பாத்து பயப்படக் கூடாது. அவ்ளோதான்."

அவர் சொன்னது சரி. அந்த வாரத்தில் இருந்த கன்னம் அடுத்த வாரத்தில் இருக்கும் என்று எந்தத் தாதியும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் சாகிற விஷயமே இல்லாத வீட்டில் சாவுக்கான படத்துக்கு யாரைக் கேட்பது? அதற்கும் அவரே வழி வைத்திருந்தார். பாஸ்போர்ட் முடியப்போகிறது, புதுசு எடுக்கணும், குணமானதும் பழனிக்குப் போகணும் என்று சொல்லிவிடலாமாம். "நீயே என் மககிட்ட சொல்லிடேன்" என்றார்.

"ஐயா, பொய் சொல்ல எனக்குச் சம்பளம் கிடையாது. நீங்களே சொல்லுங்க."

"பிரஷர் பாக்க மட்டும் சம்பளம் உண்டா?" என்றார். ஒன்று சொல்கிறேன், வாயால் என்னை மடக்கியவர்கள் இந்த ஊரில் அதிகம் பேர் கிடையாது.

சாயங்காலம் அவரே சொன்னார். நான் மறுபடி போனபோது மகள் என்னை அடுக்களைக்கு இழுத்துப் போய் அழுதார். "பாத்தீங்களா சிஸ்டர், அப்பாவுக்கு எவ்ளோ நம்பிக்கை, பழனிக்குப் போகணும்ங்கறார்." எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உற்சாகமாகச் சொன்னார், "ஸ்டூடியோல்லாம் எதுக்கு? எல்லாம் ஆன்லைன்தானே. பின்னாடி ஒரு வெள்ளை பெட்ஷீட் கட்டி போன்ல எடுத்து அப்லோட் பண்ணிடலாம்."

இதுதான் சிங்கப்பூர். நிம்மதியாக ஒரு பொய் சொல்லக்கூட விடாத ஊர். எதை எடுத்தாலும் வீட்டிலிருந்தே முடித்துவிடலாம். ஹாலில் பெரியவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

என்னால் பொய் சொல்ல முடியாது. உண்மையில் எந்தத் துண்டைச் சொல்லலாம் என்று தேடினேன். "ஆன்லைன் சரிதான்" என்றேன். "ஆனா ஐயா இந்த நாலு சுவரைப் பாத்துப் பாத்து ஓய்ஞ்சுபோயிருக்கார். ஒரு தடவை வெளியே போயிட்டு வந்தா நல்லாத் தூங்குவார், மூச்சும் கொஞ்சம் லேசாகும். வீல்சேர் டாக்சி சொல்லிடலாம். கையில எடுத்துப்போற ஆக்சிஜன் சிலிண்டர் நான் ஏற்பாடு பண்றேன், கூடவே வர்றேன்." அத்தனையும் நிஜம். மகள் யோசித்துவிட்டுச் சரி என்றார். அன்று பஸ்ஸில் திரும்பும்போது மேனேஜர் சொன்ன 'அதுதான் வேலை' எனக்குக் கொஞ்சம் புரிகிற மாதிரி இருந்தது. புரிந்ததற்காகவும் அவர் மேல் கோபம் வந்தது.

ஸ்டூடியோ லிட்டில் இந்தியாவில், தேக்கா சந்தைப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை அங்கே வீல்சேரைத் தள்ளிக்கொண்டு போக முடியாது, அவ்வளவு கூட்டம். பள்ளி விடுமுறையில் ஒரு வாரநாள் காலையைத் தேர்ந்தெடுத்தோம். அம்மா வரவில்லை என்றுதான் சொல்லியிருந்தார். "நான் வந்தா யாரு சமைக்கறது?" என்றார். ஆனால் டாக்சி வந்து புளோக் கீழே நாங்கள் நிற்கும்போது லிஃப்டிலிருந்து இறங்கி வந்தார். அரக்குப் பட்டுப்புடவை, தலையில் பூ, இரண்டு கையிலும் தங்க வளையல், தோளில் பெரிய துணிப்பை.

"எங்கேம்மா இப்படி?" என்றார் மகள்.

"தேக்காவுல காய் வாங்கணும்."

கத்தரிக்காய் வாங்கப் பட்டுப்புடவையா என்று எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

சிராங்கூன் ரோட்டில் பூக்கடைகளைத் தாண்டி ஒரு சின்ன ஸ்டூடியோ. போட்டோக்காரர் இளம் வயசுக்காரர். வீல்சேரைப் பார்த்ததும் நாற்காலிகளை ஒதுக்கி இடம் செய்தார். "பாஸ்போர்ட்டா?" என்றார். "பாஸ்போர்ட்தான்" என்றார் பெரியவர், கம்பீரமாக. வெள்ளைத் திரையை இறக்கினார்கள். நான் மூக்குக் குழாயை எடுத்துவிட்டுப் பக்கத்தில் சிலிண்டரோடு நின்றேன். கொஞ்ச நேரம் தாங்குவார், அதற்குள் எடுத்துவிட வேண்டும். பெரியவர் நாடியைத் தூக்கினார். சிரித்தார். எவ்வளவு அழகான சிரிப்பு தெரியுமா, கன்னத்துப் பள்ளமெல்லாம் காணாமல் போய்விட்டது.

"அப்பா, சிரிக்கக் கூடாதுப்பா" என்றார் மகள். "பல்லு தெரியக் கூடாது. ரூல்ஸ் இருக்கு. சிரிச்சா திருப்பி அனுப்பிடுவாங்க."

"ஆமாங்க ஐயா, பாஸ்போர்ட்டுக்குச் சும்மா நேராப் பாத்தா போதும்" என்றார் போட்டோக்காரர். கண்ணாடியையும் கழற்றச் சொன்னார்.

பெரியவரின் சிரிப்பு நின்றது. தான் சொன்ன பொய்யில் தானே போய் மாட்டிக்கொண்டது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. கண்ணாடி இல்லாமல், வாயை இறுக்கிக்கொண்டு, வெள்ளைத் திரைக்கு முன்னால் முழித்தார். சாட்சாத் அந்த ஐசி படம். அவர் பயந்த அதே முகம். 'ஏதாவது செய்யேன்' என்பதுபோல் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்வேன்? எதற்காகச் சிரிக்க வேண்டும் என்று நான் சொன்னால் அந்தக் குடும்பம் இத்தனை மாதம் கட்டிவைத்த அத்தனையும் அந்த ஸ்டூடியோவிலேயே இடிந்து விழும். சொல்லாவிட்டால் இந்த மனுஷன் களவாணி முகத்தோடு சுவரில் தொங்குவார். வார்டாக இருந்தால் கத்தியிருப்பேன். இங்கே குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு மரமாக நின்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, அதுதான் உண்மை.

மூலையில் பையோடு உட்கார்ந்திருந்த அம்மா எழுந்தார். பையைத் திறந்தார். காய் வாங்குகிற பைக்குள்ளிருந்து இஸ்திரி போட்ட ஒரு பட்டுச் சட்டை வந்தது. சீப்பு வந்தது. விபூதிப் பொட்டலம் வந்தது. கணவரிடம் போய் முந்தானையால் முகத்தைத் துடைத்து, தலையை வாரி, நெற்றியில் பூசி, கண்ணாடியை மறுபடி மாட்டிவிட்டார். சட்டையை மாற்ற நானும் கை கொடுத்து, மூக்குக் குழாயைத் திரும்ப மாட்டிவிட்டேன். பிறகு போட்டோக்காரரிடம் சொன்னார்.

"தம்பி, அந்த வெள்ளைத் துணியை எடுத்துட்டு நல்லதா ஒண்ணு போடுங்க. அவர் சிரிக்கட்டும்."

"அம்மா, பாஸ்போர்ட்டும்மா" என்றார் மகள்.

"சுவத்துல மாட்டப் போறதுதானே? உம்முன்னு இருந்தா தினமும் பாக்கப் போறது யாரு, நான்தானே."

பெரியவர் மனைவியை நிமிர்ந்து பார்த்து, "உனக்கு யார் சொன்னா?" என்றார். உடனே என்னைத்தான் முறைத்தார். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"ஒருத்தரும் சொல்லல" என்றார் அம்மா. "வீட்ல பிரஷர் இருக்கறது எனக்கு. மாத்திரை போடறது நான். பிரஷர் பாக்க வர்ற மிஸ்ஸி வாரா வாரம் உங்களுக்கே பாத்துட்டுப் போகுது. ஒரு நாளாவது என் கையைத் தொட்டிருக்கா? அப்பவே தெரியும் எனக்கு."

என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. என் கண் முன்னால்தானே மாத்திரை விழுங்கினார், நான் அவர் கலந்த கோப்பியைத்தானே வாரா வாரம் குடித்தேன். கெட்டிக்காரியாம் கெட்டிக்காரி.

"சோறு இறங்குதா உனக்கு?" என்று கேட்டார் பெரியவர்.

"நீங்க பாக்கறப்ப சாப்பிட்டேன்ல" என்றார் அம்மா.

மகள் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மி அழ ஆரம்பித்தார். இத்தனை நாள் சிரித்ததற்கெல்லாம் சேர்த்து அழுதார். பெரியவர் கையை நீட்டி அவரைப் பக்கத்தில் இழுத்தார். "அழாத. பல்லு தெரியுது பாரு, திருப்பி அனுப்பிடுவாங்க" என்றார். அழுதபடியே மகள் சிரித்துவிட்டார். போட்டோக்காரர் பாவம், நீலத் திரையை இழுக்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

குழாயை மறுபடி கழற்றினோம். பேசியதில் களைத்துப்போயிருந்தார், உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அம்மா பின்னால் போய் நின்று தோளைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, நாடியைக் கொஞ்சம் தூக்குங்க" என்றார் போட்டோக்காரர். பெரியவர் தூக்கினார். சிரித்தார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு நான் அட்டையை மாட்டிக்கொண்டுதான் போனேன். கடைசி நாட்களில் மூவரும் நன்றாகப் பேசிக்கொண்டார்கள், சண்டையும் போட்டார்கள். பேப்பருக்கு என்ன வாசகம் எழுதுவது என்று அப்பாவும் மகளும் சண்டை போட்டதை நானே பார்த்தேன். அவர் வலியில்லாமல்தான் போனார். சோதனைக் காலம் முடிந்ததை மேனேஜர் சொல்லித்தான் கவனித்தேன். வார்டுக்குத் திரும்புகிற யோசனை எங்கே போனது என்று தெரியவில்லை. படிக்கிற பிள்ளைகளுக்கு இதை எந்த ஸ்லைடில் போடுவது? ஒரு வீட்டுக்குப் பிரஷர் பார்க்கிற பொய்யோடு போனால் எல்லார் கையிலும் சுற்றிப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். சிரித்தார்கள். அதையும் எழுதிக்கொண்டார்கள், எழுதாதீர்கள் என்று சத்தம் போட வேண்டியதாயிற்று.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, எங்கள் வழக்கப்படி, குடும்பம் எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போனேன். அம்மாதான் கதவைத் திறந்தார். கோப்பி தரவில்லை. சோபாவில் உட்கார்ந்து வலது கையை நீட்டினார்.

"இப்பவாவது பாருங்க."

கருவியைச் சுற்றி அழுத்தினேன். அது காற்றேறி இறங்கும் வரை பேசக் கூடாது என்பதால் சுவரைப் பார்த்தேன். மாலைக்குள் பெரியவர் நாடியைத் தூக்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வருகிற யாரும் பயப்பட முடியாது, அப்படியொரு சிரிப்பு. அவருடைய இடது தோளில் வளையல் போட்ட ஒரு கை இருந்தது.

நான் எங்கே பார்க்கிறேன் என்று அம்மா கவனித்துவிட்டார். "கம்ப்யூட்டர்லயே கையை எடுத்துடலாம்னு அந்தப் பையன் சொன்னான். வேணாம்னுட்டேன்" என்றார். "யாரு கைன்னு கேட்டா சொல்றதுக்கு நான் இருக்கேன்ல?"

"பேசாதீங்கம்மா" என்றேன். "பேசினா பிரஷர் ஏறும்."

கருவியை முதலிலிருந்து மறுபடி சுற்ற வேண்டியதாயிற்று.